சீல் உடைந்த குடைச்சிங்கம்

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டு மேசையில், கண்ணாடிக்காரர் வரலாற்றுச் சிறப்பு மிக்க அறிவிப்பு ஒன்றை வெளியிட்டார். கேட்பதற்கு வரலாறு அங்கே இல்லை. மனைவி மட்டும்தான் இருந்தாள்.

"இந்தா பாரு. இன்னியிலேருந்து எனக்குத் தரவரிசை வேண்டாம். போட்டி வேண்டாம். சங்கமே வேண்டாம். இனிமே சித்திரக்கதைப் புத்தகம் சேர்க்கறதெல்லாம் ரசிக்கறதுக்கு மட்டும்தான்."

மனைவி குவளையைக் கீழே வைத்தாள். "அப்படிங்களா?"

"அப்படித்தான்."

"ரொம்ப சந்தோஷங்க."

அவ்வளவுதான். கண்ணாடிக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. குறைந்தது முக்கால் மணி நேரச் சண்டைக்குப் பதில்கள் தயார் செய்து வைத்திருந்தார். "நம்பு", "சத்தியமா", "என்னைப் பார்த்தா அப்படியா தெரியுது" எல்லாம் வரிசையாக நின்றன. ஒன்றுக்கும் வேலை வரவில்லை. சொல்லாத பதில்களைச் சோற்றோடு சேர்த்து விழுங்கினார்.

ஆள் யார் என்று சொல்லிவிடுகிறேன். தெருமுனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். வருகிறவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, எதிர்ச்சுவரில் இருக்கும் எழுத்துகளைப் படிக்கச் சொல்லி, பார்வையை அளந்து கண்ணாடி போட்டு அனுப்புவார். ஊரில் பாதிப் பேருக்கு அவரால்தான் கண் தெரிகிறது. அவருக்கு மட்டும் ஒன்றே ஒன்றுதான் கண்ணுக்குத் தெரியும்: சித்திரக்கதை சேகரிப்போர் சங்கத்தின் தரவரிசைப் பட்டியல்.

சங்கத்தில் தொண்ணூற்று நாலு உறுப்பினர்கள். ஒவ்வொரு மாதமும் பட்டியல் வரும். கண்ணாடிக்காரர் பன்னிரண்டாவது இடம். பதினோராவது இடத்தில் பல் டாக்டர். இந்த ஒரு படியை ஏறத்தான் அவர் ஆறு வருடமாக முட்டி தேயப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்.

சங்கத்தின் விதிகள் சுலபமானவை. புத்தகம் கண்ணாடித்தாள் உறைக்குள் இருக்க வேண்டும். உறையின் வாயில் சங்கத்தின் சிவப்புச் சீல் ஒட்டியிருக்க வேண்டும். சீல் உடையாத புத்தகத்துக்குப் பத்து மதிப்பெண். உடைந்ததற்கு ஒன்று. அந்த ஒன்றும் அனுதாபத்தில் கொடுப்பது. முதல் இதழ், கிடைக்காத இதழ் என்றால் நூறு வரைக்கும் போகும். ஆகவே சங்கத்தில் யார் எவ்வளவு குறைவாகப் படிக்கிறாரோ அவர் அவ்வளவு உயரத்தில் இருந்தார். கண்ணாடிக்காரரின் பின்னறையில் இரண்டு பீரோ நிறைய ஆயிரத்து எண்ணூற்று நாற்பது புத்தகங்கள் மூச்சு விடாமல் கிடந்தன. அந்த அறைக்குள் யாரும் தும்மக்கூட முடியாது.

அறிவிப்புக்குக் காரணம் மாமியார். போன புதன்கிழமை பேருந்து நிலையத்தில் வந்து இறங்குகிற மாமியாரை அழைத்து வரச் சொல்லி அவரை அனுப்பினாள் மனைவி. அவரும் போனார். மாமியார் இரண்டு பைகளோடு நின்றுகொண்டு கையை ஆட்டினார். கண்ணாடிக்காரர் கையைப் பார்க்கவில்லை. கைப்பேசியைப் பார்த்தார். அந்த நிமிடம்தான் மாதப் பட்டியல் வந்திருந்தது. பல் டாக்டருக்கும் அவருக்கும் இடையே எட்டே மதிப்பெண். அவர் அப்படியே திரும்பி நடந்து, பழைய புத்தகக் கடைக்குள் நுழைந்து, மூன்று மணி நேரம் கழித்து ஒரு புத்தகத்தோடு வீட்டுக்கு வந்தார்.

"எங்கம்மா எங்க?" என்று கேட்டாள் மனைவி.

அவர் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். அம்மா அதில் இல்லை.

மாமியார் அடுத்த பேருந்திலேயே ஊருக்குத் திரும்பியிருந்தார். அதற்குப் பிறகு நாலு நாள் மனைவி சண்டை போடவில்லை. மரியாதையாகப் பேசினாள். "சாப்பிட வர்றீங்களா?", "குளிச்சுட்டீங்களா?" என்று அளந்து அளந்து பேசினாள். அவள் தண்ணீர் வாரிய அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் வேலை பார்க்கிறவள். குழாயில் காற்று வருகிறது என்று கத்திக்கொண்டு வருகிறவர்கள், அவளிடம் ஐந்து நிமிடம் பேசிவிட்டு, தண்ணீர் இல்லாமலே நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். அந்தக் குரலை அவள் வீட்டில் பயன்படுத்த ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு வந்தது.

ஆனால் அறிவிப்புக்கு அடியில் ஒரு ரகசியத் திட்டமும் இருந்தது. சங்கத்தை விட்டு விலக அவருக்கு எண்ணமே இல்லை. வீட்டில் ரசிகர், கடையில் உறுப்பினர். கடிதங்கள் கடை முகவரிக்கு வரும். இன்னும் இரண்டு வாரத்தில் செயலாளர் வருடாந்திரச் சரிபார்ப்புக்கு வருவார். அன்றைக்கு மனைவி அலுவலகத்தில் இருப்பாள். காதும் காதும் வைத்த மாதிரி முடித்துவிடலாம்.

திட்டம் ஒரு நாள் முழுசாக உயிரோடு இருந்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் கடையை மூடிவிட்டு வந்தார். பின்னறையில் விளக்கு எரிந்தது. மனைவி பீரோவைத் திறந்துவைத்துக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு கத்தரிக்கோல்.

"என்ன பண்றே?"

"ரசிக்கப் போறேங்க."

"எதை?"

"புத்தகத்தை. நீங்கதானே சொன்னீங்க? தனியா ரசிச்சா நல்லா இருக்காதுன்னு உங்களுக்காகத்தான் காத்துட்டு இருக்கேன். கை கால் கழுவிட்டு வாங்க."

"கத்தரிக்கோல் எதுக்கு?"

"உறைக்குள்ள இருந்தா எப்படிங்க படிக்கறது? நீங்க கண்ணாடிக்காரர், ஊடுருவிப் பார்த்துடுவீங்க. நான் சாதாரண மனுஷி."

அவர் பீரோவுக்கும் அவளுக்கும் நடுவில் போய் நின்றார். "எல்லாத்தையும் இப்படி ஆரம்பிக்கக் கூடாது. கீழ்த்தட்டுல சில புத்தகம் இருக்கு, அதுலேருந்து..."

"இல்லைங்க, இது போதும்." அவள் மடியிலிருந்து ஒரு புத்தகக் கட்டை எடுத்தாள். 'குடைச்சிங்கம்' தொடர். எப்போதும் கையில் குடையோடு திரியும் ஒரு துப்பறிவாளர். நாற்பத்தோராம் இதழிலிருந்து நாற்பத்தேழு வரைக்கும் 'ஏழு பெட்டி மர்மம்' என்று ஒரே கதை. கண்ணாடிக்காரரிடம் நாற்பத்தாறு வரைக்கும்தான் இருந்தது. எல்லாம் சீல் உடையாதவை. ஆறு பத்து அறுபது மதிப்பெண்.

"அது வேண்டாமே. அது அவ்வளவு நல்லா இருக்காது."

"படிச்சிருக்கீங்களா?"

"அட்டையைப் பார்த்திருக்கேன்."

"குடைச்சிங்கமா, குடைச்சலான்னு படிச்சாத்தானே தெரியும்?" என்று சொல்லி, அவள் கத்தரிக்கோலை வைத்தாள். சீல் 'சரக்' என்றது. கண்ணாடிக்காரருக்கு உள்ளே எங்கேயோ ஒரு நரம்பு அதே மாதிரிச் சத்தம் போட்டது. ஒன்பது மதிப்பெண் போச்சு. வாயைத் திறந்து 'ஐயோ' என்று சொல்ல முடியாது. சொன்னால் வேஷம் கலைந்துவிடும். ரசிகர் எங்கேயாவது சீலுக்கு அழுவாரா?

"ஏன் முகம் அப்படி இருக்கு?"

"சந்தோஷம்" என்றார் கண்ணாடிக்காரர்.

அவள் உரக்கப் படித்தாள். சும்மா இல்லை, சத்தத்தோடு. 'டமால்' என்று எழுதியிருந்தால் பீரோவை ஒரு தட்டு தட்டினாள். 'விர்ர்' என்றால் பக்கத்தை விசிறினாள். வில்லனுடைய வசனம் வந்தபோது புத்தகத்தை அவர் பக்கம் திருப்பினாள்.

"இதை நீங்க படிங்க. உங்களுக்குத்தான் பொருத்தமா இருக்கும்."

"'ஹ ஹ ஹா'" என்று படித்தார் அவர், சரிபார்ப்புச் சான்றிதழை வாசிக்கிற குரலில்.

"இப்படியா ஒரு வில்லன் சிரிப்பான்? உங்க பல் டாக்டர் சிரிக்கற மாதிரி சிரிங்க."

சிரித்தார். எதிர்பாராத அளவுக்கு நன்றாக வந்தது.

கதை இதுதான். ஒரு கப்பலில் ஏழு இரும்புப் பெட்டிகள். யார் அனுப்பியது, யாருக்கு என்று தெரியாது. ஒரு இதழுக்கு ஒரு பெட்டி திறக்கும். முதல் பெட்டியில் நின்றுபோன ஒரு சுவர்க்கடிகாரம். அதோடு அன்றைய இதழ் முடிந்தது. 'தொடரும்' என்று போட்டிருந்தது.

"என்னங்க இது, கடிகாரமா?" என்றாள்.

"கடிகாரத்துக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டார் அவர். கேட்டபிறகுதான் கேட்டதைக் கவனித்தார். உடனே வாயை மூடிக்கொண்டு மதிப்பெண்களைப் பற்றி வருத்தப்பட முயற்சி செய்தார். வருத்தம் ஒழுங்காக வரவில்லை. நடுநடுவே கடிகாரம் வந்தது.

செவ்வாய்க்கிழமை இரண்டாம் பெட்டி. உள்ளே முப்பது செருப்புகள், எல்லாம் இடது கால். புதன்கிழமை பெட்டியில் ஒரு பொய்த்தலைமுடி. வியாழக்கிழமை பெட்டி காலி, ஆனால் உள்ளேயிருந்து யாரோ தட்டுகிற சத்தம். ஒவ்வொரு நாளும் ஒரு சீல். ஒவ்வொரு சீலுக்கும் ஒன்பது மதிப்பெண். பல் டாக்டர் மேலே மேலே போய்க்கொண்டிருந்தார், இவர் தலைகீழாக இறங்கிக்கொண்டிருந்தார். இருந்தும் சாயங்காலம் ஆறு மணியானால் கால் தானாக வீட்டுப் பக்கம் நடந்தது. சீல் உடைவதைத் தடுக்கத்தான் சீக்கிரம் போகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். போய் அவரே கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தார்.

தனக்கு என்ன ஆயிற்று என்று அவருக்கே பிடிபடவில்லை. ரசிக்கிற மாதிரி நடிக்கிறாரா? நடிக்கிறதை ரசிக்கிறாரா? இல்லை, ரசிக்கிறதை நடிப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாரா? வெள்ளிக்கிழமை கடையில் ஒரு வங்கி ஊழியரை உட்கார வைத்து எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார். அவரும் "ட, ப, ம, வ" என்று படித்துவிட்டு நிறுத்தினார்.

"அப்புறம்?" என்றார் கண்ணாடிக்காரர்.

"அவ்வளவுதாங்க. அந்த வரி முடிஞ்சுது."

"அது எப்படி முடியும்? தட்டினது யாரு?"

வங்கி ஊழியர் கண்ணாடி வாங்காமலே எழுந்து போய்விட்டார்.

இன்னொரு குழப்பமும் கூடவே வளர்ந்தது. அவளுக்கு விஷயம் தெரியுமா, தெரியாதா? அன்று சாயங்காலம் அவள் பால் காய்ச்சிக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, உங்க சங்கத்துச் செயலாளர் வீட்டுக்கு வந்தா டீ குடிப்பாரா, காபி குடிப்பாரா?"

கண்ணாடிக்காரருக்குப் புரையேறியது. "எந்தச் சங்கம்? எந்தச் செயலாளர்?"

"ஆமா இல்ல? நீங்கதான் விட்டுட்டீங்களே. மறந்தே போயிட்டேன்."

"காபி" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். "அதாவது, முன்ன குடிப்பார்."

"இந்த வருஷம் தராசு வேற வாங்கியிருக்காராமே? சீலைப் பிரிக்காமலே புத்தகத்தை எடை போட்டு, உள்ளே ஒரு தாள் குறைஞ்சாலும் கண்டுபிடிச்சுடுவாராம்?"

"உனக்கு யாரு சொன்னா?"

"புகார்ப் பிரிவுல உட்கார்ந்தா ஊர் விஷயம் எல்லாம் வரும். தண்ணிதான் வராது. ஐந்தாம் பெட்டியை எடுங்க."

ஐந்தாம் பெட்டியில் குடைச்சிங்கத்தின் சின்ன வயசுப் புகைப்படம் இருந்தது.

சனிக்கிழமை ஆறாம் பெட்டி. அதற்குள் ஒரு குடை, குடைச்சிங்கம் கையில் வைத்திருக்கும் அதே குடை, கைப்பிடியில் அதே கீறல். குடைச்சிங்கம் தன் குடையைப் பார்க்கிறார், பெட்டியில் இருக்கிற குடையைப் பார்க்கிறார். ஏழாம் பெட்டியின் பூட்டில் சாவியை நுழைக்கிறார். சாவி திரும்புகிறது. 'தொடரும்.'

"அடுத்ததை எடுங்க" என்றாள் மனைவி.

"அது இல்ல."

"இல்லையா?"

"நாற்பத்தேழு என்கிட்ட இல்ல. பதினோரு வருஷமா தேடறேன்."

"பதினோரு வருஷமா முடிவு தெரியாமலா இருந்தீங்க?"

"முடிவு தெரியாதுங்கறதே எனக்குத் தெரியாது" என்றார் அவர், பரிதாபமாக.

"வேற யார்கிட்டயும் இல்லையா?"

இருந்தது. ஒரே ஒருவரிடம் இருந்தது. பல் டாக்டரை இவருக்குப் பத்து அடி முன்னால் நடக்க வைத்ததே அந்த நாற்பத்தேழுதான். அவர் பெயரைச் சொல்லாமல் கண்ணாடிக்காரர் தலையை மட்டும் ஆட்டினார். மனைவி பெருமூச்சு விட்டாள்.

"பாவம், போகட்டும். சில கதைக்கு முடிவே கிடையாதுன்னு நினைச்சுக்குங்க" என்று எழுந்து போனாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர் வீட்டுக்குள் உலாவினார். ஏழாம் பெட்டியில் குழந்தை இருக்கும் என்றார். இல்லை, எட்டாவது பெட்டி ஒன்று இருக்கும் என்றார். குளியலறையிலிருந்து தலையை நீட்டி, "இடது கால் செருப்பெல்லாம் இங்கே இருக்குன்னா, வலது கால் செருப்பெல்லாம் அங்கே!" என்று கத்தினார். மனைவி "இருக்கலாங்க" என்றாள். அந்த 'இருக்கலாம்' அவரை இன்னும் வாட்டியது.

திங்கட்கிழமை காலை அவர் பல் டாக்டரின் சிகிச்சையறையில் இருந்தார். பல்லில் ஒரு குறையும் இல்லை. ஆனால் சும்மா போய்க் கேட்டால் கௌரவம் என்ன ஆவது? பெயர் எழுதிக்கொள்கிற மேசையில் பல் டாக்டரின் மனைவி உட்கார்ந்திருந்தார். இவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்க அண்ணா, வாங்க. உள்ளே போங்க. இன்னிக்கு டாக்டர் நல்ல மனநிலையில இருக்கார்."

இவ்வளவு அன்பு எதற்கு என்று அவருக்கு விளங்கவில்லை. உள்ளே போய்ச் சாய்ந்தார். பல் டாக்டர் விளக்கை இழுத்து முகத்துக்கு நேராக வைத்து, வாய்க்குள் ஒரு கண்ணாடியையும் ஒரு கொக்கியையும் விட்டார்.

"எந்தப் பல் வலிக்குது?"

"ஆ... ஆர்ப்... ஏழ்."

"ஏழாவது பல்லா?"

"ஆற்பத் ஏழ்!"

பல் டாக்டர் கொக்கியை வெளியே எடுத்தார். முகத்தில் முப்பத்திரண்டும் தெரிந்தது. "நாற்பத்தேழா? அப்படிச் சொல்லுங்க. குடைச்சிங்கத்துக்கு வந்திருக்கீங்க."

"படிக்கத்தான் கேக்கறேன். ஒரே ஒரு நாள். கொடுத்துடறேன்."

"படிக்கறதுக்கா? சீலை உடைச்சா?" பல் டாக்டர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "உங்களுக்கு உடம்புக்கு ஏதாவது செய்யுதா?"

"சரி, புத்தகம் வேண்டாம். முடிவை மட்டும் சொல்லுங்க. ஏழாம் பெட்டியில என்ன?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன படிச்சேனா?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏழு வருடமாக அந்தப் புத்தகம் இந்த மனிதரின் வீட்டில் இருக்கிறது. உள்ளே என்ன என்று ஒரு நாள்கூட இவர் யோசிக்கவில்லை. என்ன ஜன்மம் இது என்று நினைத்தார் கண்ணாடிக்காரர். போன வாரம் வரை தானும் அதே ஜன்மம்தான் என்பது அவருக்கு ஞாபகம் வரவில்லை.

"மாத்திக்கலாம்" என்றார் பல் டாக்டர். "உங்க முதல் இதழைக் குடுங்க. இதை எடுத்துட்டுப் போங்க."

குடைச்சிங்கம் முதல் இதழ்! நூறு மதிப்பெண். சங்கத்திலேயே மூன்று பேரிடம்தான் இருக்கிறது. அது போனால் பன்னிரண்டு எங்கே, முப்பது எங்கே. கண்ணாடிக்காரர் கண்ணை மூடினார். உள்ளே மதிப்பெண் தெரியவில்லை. பட்டியல் தெரியவில்லை. ஒரு பூட்டு தெரிந்தது. அதில் ஒரு சாவி. அது பாதி திரும்பியபடி பதினோரு வருடமாக நின்றது.

"சரி" என்றார்.

"நல்லா யோசிச்சுக்குங்க. கொக்கி இப்ப வாயில இல்ல. நீங்களா சொன்னதுதான்."

"சரின்னு சொல்லிட்டேனே."

வீட்டுக்கு ஓடினார், முதல் இதழை எடுத்தார், திரும்ப ஓடி வந்தார். மாற்றிக்கொண்டார்கள். வெளியே வரும்போது பல் டாக்டரின் மனைவி எழுந்து நின்று கதவைத் திறந்துவிட்டார். அவர் கண்ணில் ஈரம் மாதிரி ஏதோ தெரிந்தது. அதுவும் புரியவில்லை.

தெருவில் இறங்கியதும் அவருக்கு உடம்பே லேசாகிவிட்டது. ஆறு வருடமாக முதுகில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போனது. இனி ஒளிவு மறைவு எதற்கு? அந்த வேகத்திலேயே செயலாளருக்குப் போன் போட்டார்.

"ஐயா, என் பேரைச் சங்கத்துலேருந்து எடுத்துடுங்க. நான் விலகிக்கறேன். நிஜமாத்தான்."

"எடுத்தாச்சே" என்றார் செயலாளர்.

"எப்ப?"

"போன திங்கட்கிழமை. வீட்டம்மா காலையிலேயே போன் பண்ணிச் சொன்னாங்க. நீங்க மனசு மாறிட்டீங்க, சொல்லக் கூச்சப்படறீங்கன்னு. எவ்வளவு இனிமையாப் பேசறாங்க! போனை வெச்சப்புறம் நானே அவங்களுக்கு நன்றி சொல்லிட்டு இருந்தேன்."

கண்ணாடிக்காரர் மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்படியானால் திங்கட்கிழமை சாயங்காலம் முதல் சீல் உடைந்தபோதே அவர் பட்டியலில் இல்லை. ஒரு வாரமாக இல்லாத மதிப்பெண்களுக்காக உள்ளுக்குள் அழுதிருக்கிறார். ரசிகராக நடித்ததும் வீண். உறுப்பினராகத் தவித்ததும் வீண். யாரையோ ஏமாற்றிக்கொண்டிருந்தார் என்பது நிச்சயம். அது யார் என்றுதான் தெரியவில்லை.

சாயங்காலம் அவள் வந்ததும் அவர் இதைப் பற்றி எதையும் கேட்கவில்லை. கேட்பதற்கு நேரமும் இல்லை. புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார்.

"நாற்பத்தேழு! உட்காரு. இன்னிக்கு நான் படிக்கறேன்."

அவரே சீலை உடைத்தார். தரையில் சம்மணம் போட்டு, டமாலுக்கு பீரோவைத் தட்டி, விர்ருக்கு விசிறி, வில்லனுக்குப் பல் டாக்டர் சிரிப்பு சிரித்துப் படித்தார். கப்பல் புயலில் ஆடியது. விளக்குகள் அணைந்தன. குடைச்சிங்கம் சாவியைத் திருப்பினார். மூடி உயர்ந்தது. உள்ளே எட்டிப் பார்த்த குடைச்சிங்கத்தின் கண்கள் அகலமாக விரிந்தன. வாயிலிருந்து ஒரு வசனக் குமிழி: "அட! இதுவா இத்தனை நாளாக..."

பக்கத்தைத் திருப்பினார்.

ஒரு பெண் இடுப்பு வரைக்கும் கூந்தலை விரித்துப் போட்டுக்கொண்டு சிரித்தாள். கையில் தலைமுடித் தைலம்.

கண்ணாடிக்காரர் அந்தப் பெண்ணை உற்றுப் பார்த்தார். மூன்றாம் பெட்டியில் பொய்த்தலைமுடி இருந்தது ஞாபகம் வந்தது. "பெட்டிக்குள்ள இருந்தது தைலமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அது பின்னட்டைங்க. விளம்பரம்."

"அப்ப முடிவு?"

"கடைசித் தாள் இல்ல."

"இல்லையா? சீல் இருந்துதே! எப்படி இல்லாம போகும்?" சட்டென்று நிமிர்ந்தார். "இல்லன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் புகார்ப் பிரிவுக் குரலுக்கு வந்தாள்.

"பல் டாக்டர் வீட்டம்மாவுக்கு மதியம் ஆள் வராத நேரத்துல பொழுது போகாதுங்க. பல் கருவியெல்லாம் ஆவியில வெச்சு சுத்தம் பண்றாங்க இல்ல? அந்த ஆவியில காட்டினா சீல் அப்படியே வந்துடுமாம். படிச்சுட்டுத் திரும்ப ஒட்டிடுவாங்க. அவங்க வீட்டுல இருக்கறது அத்தனையும் படிச்சுட்டாங்க. இந்த நாற்பத்தேழு மட்டும் பழசு, மடிப்புல இத்துப்போய்க் கடைசித் தாள் கையோட வந்துடுச்சு. உள்ளே வெக்கறதுக்குள்ள டாக்டர் வந்துட்டார். அவசரத்துல சீலை ஒட்டிட்டாங்க. ரெண்டாவது தடவை ஆவி காட்டினா சீல் கிழிஞ்சுடுமாம். அப்புறம் பார்த்தா, செயலாளர் தராசு வாங்கிட்டார்."

"அய்யோ."

"அழுதுட்டே எங்க ஆபீசுக்கு வந்தாங்க. தண்ணிப் புகார்னு நினைச்சு எழுத ஆரம்பிச்சுட்டேன். சரிபார்ப்புக்கு முன்னாடி அந்தப் புத்தகம் அந்த வீட்டை விட்டு வெளியே போகணும். டாக்டர் யாருக்கும் தரமாட்டார். முதல் இதழ் கிடைச்சாத்தான் தருவார். நீங்க முதல் இதழைத் தரமாட்டீங்க. கதையில மாட்டிக்கிட்டாத்தான் தருவீங்க. என்ன பண்றதுன்னு யோசிச்சுட்டு இருந்தப்பதான் ஞாயித்துக்கிழமை நீங்களா வந்து ரசிக்கப் போறேன்னு சொன்னீங்க. எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துது தெரியுமா?"

கண்ணாடிக்காரருக்குத் தலை சுற்றியது. கோபப்பட வேண்டுமா, பாராட்ட வேண்டுமா, அழ வேண்டுமா என்று ஒரு நிமிடம் தடுமாறினார். மூன்றையும் ஒத்திவைத்தார். அதைவிட முக்கியமான ஒன்று இருந்தது.

"அந்தத் தாள் இப்ப எங்க?"

அவள் கைப்பையைத் திறந்து ஒரு பழுப்பு உறையை எடுத்தாள். தண்ணீர் வாரியம் ரசீது அனுப்புகிற உறை. பெயரும் முகவரியும் வெளியே தெரிவதற்காக முன்பக்கம் ஒரு சின்ன சன்னல் வெட்டியிருக்கும். அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"உள்ளே இருக்கு. மொத்தம் ஒன்பது கட்டம். இந்தச் சன்னல் சரியா ஒரு கட்டத்துக்கு அளவெடுத்த மாதிரி இருக்குங்க. ஒரு நாளைக்கு ஒண்ணு காட்டறேன்."

"ஒன்பது நாளா? இன்னிக்கே குடு. பதினோரு வருஷமா காத்துட்டு இருக்கேன்."

"பத்து வருஷம் பதினோரு மாசம் மூணு வாரம் உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஒன்பது நாள் தாங்குவீங்க. குளியலறை வடிகால் அடைச்சுட்டு மூணு மாசமா தண்ணி நிக்குது. தண்ணி வாரியத்துல வேலை பார்க்கறவ வீட்டுலயே தண்ணி போகலைன்னா வெளியில சொல்ல முடியுமா? அதை எடுத்துவிட்டுட்டு வாங்க. முதல் கட்டம் பார்க்கலாம்."

"இது அநியாயம்."

"புகாரை எழுதிக் குடுங்க. பதினைந்து வேலை நாளுக்குள்ள பதில் வரும்."

அவர் முழுக்கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டார். ஒரு மணி நேரம் கம்பியோடும் முடிக்கற்றையோடும் போராடினார். ஒரு சீப்பு வந்தது. ஒரு சோப்புத் துண்டு வந்தது. யாருடையது என்று தெரியாத ஒரு பொத்தான் வந்தது. கடைசியில் தண்ணீர் 'கடகட' என்று இறங்கிய சத்தம் கேட்டபோது, வாழ்நாளில் அப்படியொரு இசையைக் கேட்டதில்லை என்று அவருக்குத் தோன்றியது. கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கூடத்துக்கு வந்து உட்கார்ந்தார்.

மனைவி உறையை விளக்குக்கு நேராகப் பிடித்தாள். உள்ளே தாளை நகர்த்தி, சன்னலுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

அவர் குனிந்து பார்த்தார். மழை. இருட்டு. தூரத்தில் ஒரு கலங்கரை விளக்கம். பெட்டியைக் காணோம், குடையைக் காணோம், ஆளையே காணோம். மூலையில் சின்ன எழுத்தில் ஒரே ஒரு வரி:

'இதற்கிடையே, வேறோர் ஊரில்...'